வேதத்தை விற்காத ராபி



அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் எழுதிய வேதசாஸ்திர நூல்களைப் புரட்டினால் ராபி மோயீசன் என்றொரு பெயர் கண்ணில் படும். இஸ்ராயேல் மக்களை எஜிப்திலிருந்து மீட்டு வந்த மோயீசன் அல்ல இவர். அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் பிற்பட்டவர். அதே எஜிப்திலேயே வாழ்ந்து மரித்தவர். மைமோனிதேஸ் என்று உலகம் அறிந்த யூத நியாயப்பிரமாண சாஸ்திரி.

ஸ்பெயின் தேசத்துக் கொர்தோவா நகரில் 1138ஐ ஒட்டிப் பிறந்தார். தகப்பனார் யூதருக்கு நியாயாதிபதி. மகனுக்கு வேதம் கற்பித்தவரும் அவரே. 1148ல் அல்மொகாத் வம்சத்தார் அந்நகரைப் பிடித்து, யூதரையும் கிறிஸ்தவரையும் மதம் மாறும்படி நெருக்கினார்கள். குடும்பம் வருஷக்கணக்காய் அலைந்தது. மொரோக்கோவின் பெஸ் நகர், 1165ல் கப்பலேறிப் பரிசுத்த நாடு, கடைசியில் கெய்ரோவுக்கு அடுத்த புஸ்தாத். அலைச்சலின் நடுவிலேயே, மிஷ்னா என்னும் பழைய யூத நியாயத் தொகுதிக்கு உரை எழுதிவந்து, 1168ல் முடித்தார்.

சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தம்பி தாவீது இரத்தின வியாபாரி. தம்பி சம்பாதித்தார், அண்ணன் படித்தார். ஒருமுறை தாவீது வனாந்தரம் கடந்து செங்கடல் துறைமுகமான ஐதாபுக்குப் போனார். அவுரிச் சாயம் தவிர வாங்கத் தக்க சரக்கு அங்கே கிடைக்கவில்லை. ஆகவே இந்தியாவுக்கே கப்பலேறப் போவதாகவும், கவலைப்பட வேண்டாமென்றும் அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். திரும்பி வரவில்லை. நம் நாட்டை நோக்கி வந்த அந்தக் கப்பலோடு இந்துமா சமுத்திரத்தில் மூழ்கிப்போனார். குடும்பப் பணமும் பிறர் பணமும் அவரோடு போயிற்று. விதவையும் ஒரு சிறு பெண்ணும் மிஞ்சினார்கள். அண்ணன் ஏறக்குறைய ஒரு வருஷம் காய்ச்சலும் கட்டியுமாய்ப் படுக்கையில் கிடந்தார். எட்டு வருஷம் கழிந்தும், தம்பியின் கையெழுத்தைக் காணும்போதெல்லாம் அவர் நெஞ்சு புரண்டது.

அப்போது அவருக்கு ஒரு சுலப வழி இருந்தது. அவ்வளவு பெரிய சாஸ்திரியைச் சபையார் காப்பாற்ற மாட்டார்களா? ஆனால் வேதம் கற்றவன் அதைக் கொண்டு பிழைக்கக் கூடாதென்று முன்பே எழுதிவிட்டவர் அவர். பழங்கால ராபிகளுள் விறகு வெட்டினவர்களும் தண்ணீர் சுமந்தவர்களும் உண்டென்று காட்டியிருந்தார். கூடாரம் செய்து பிழைத்த நம் அர்ச். சின்னப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காணிக்கையில் உண்கிற நான் இதைச் சற்றுக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். எழுதியதற்கு மாறாக நடக்க அவருக்கு மனம் வரவில்லை. வைத்தியரானார், சுல்தான் சலாதீனின் மந்திரிக்கே வைத்தியம் பார்க்கும் அளவுக்கு உயர்ந்தார்.

1199ல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தம் நாளை விவரிக்கிறார். விடியற்காலையில் கெய்ரோ அரண்மனைக்குப் போவார். பசியோடு வீடு திரும்பும்போது யூதரும் பிறரும், பெரியோரும் எளியோரும், சிநேகிதரும் பகைவருமாக வாசல் நிறைந்திருக்கும். கை கழுவி, அவர்களிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கொஞ்சம் சாப்பிடுவார். நாள் முழுவதற்கும் அது ஒன்றே சாப்பாடு. பிறகு இருட்டின பின்னும் நோயாளிகள். களைப்பினால் மல்லாந்து படுத்தபடியே மருந்து சொல்லுவார். ஓய்வுநாளில் சபையார் வேதம் படிக்க வருவார்கள்.

இப்படிப்பட்டவர் எப்போது எழுதினார் என்பது எனக்கு ஆச்சரியமே. ஆயினும் பத்து வருஷ உழைப்பில் 1180ஐ ஒட்டி மிஷ்னே தோரா முடிந்தது. பதினான்கு புத்தகங்கள். தல்மூத் என்ற கடலில் சிதறிக் கிடந்த கட்டளைகளை, எளியவனும் தேடி எடுக்கும்படி தெளிவான எபிரேயத்தில் வகுத்து வைத்தார். 70ஆம் ஆண்டில் இடிந்துபோன தேவாலயத்தின் பலி முறைகளையும் விடவில்லை. எந்தத் தீர்ப்பு யாருடையது என்று சொல்லாமல் விட்டதற்காகப் பிரான்சு நாட்டு ராபி ஒருவர் கடுமையாய்க் கண்டித்தார். கண்டித்ததில் நியாயமில்லாமலும் இல்லை.

அதில் தர்மத்துக்கு எட்டுப் படிகள் வைத்திருக்கிறார். முகம் சுளித்துக் கொடுப்பது அடிப்படி. கேட்டபின் கொடுப்பதைவிடக் கேட்குமுன் கொடுப்பது மேல். சில பெரியோர் காசைத் துணியில் முடிந்து முதுகுப்புறம் தொங்கவிட்டுப் போவார்களாம். ஏழை யாரென்று அவர்கள் காணமாட்டார்கள். கொடுத்தவனும் பெற்றவனும் ஒருவரையொருவர் அறியாதது இன்னும் மேல். உச்சிப்படியோ பிச்சையே அல்ல: விழப்போகிறவனுக்குக் கடன் கொடுத்தோ, வியாபாரத்தில் பங்காளியாக்கியோ, வேலை தேடித் தந்தோ, அவன் இனிமேல் கையேந்தாதபடி செய்வது. ஒரே தம்பியின் கப்பலில் எல்லாவற்றையும் இழந்தவர் எழுதியது என்பதை மறவாமல் படியுங்கள்.

1190ஐ ஒட்டி, விசுவாசத்துக்கும் தத்துவ சாஸ்திரத்துக்கும் இடையில் கலங்கியவர்களுக்காக அரபு மொழியில் ஒரு நூல் எழுதினார். அர்ச். தோமாஸ் படித்தது அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பையே. சர்வேசுரனைப்பற்றி மனிதன் என்ன சொல்லக்கூடும் என்ற கேள்வியில் நம் அர்ச்சியசிஷ்டவர் அவரை மறுக்கிறார், ஆனாலும் மரியாதையோடுதான்.

1204ல் புஸ்தாதில் மரித்தார். கலிலேயாக் கடலோரத் திபேரியாவில் அவர் கல்லறையை இன்றும் காட்டுகிறார்கள். யூதர் சர்வேசுரனின் திருநாமம் எழுதிய காகிதத்தை எறியமாட்டார்கள். அப்படி புஸ்தாத் ஜெபாலயத்தில் நூற்றாண்டுக்கணக்காய்ச் சேர்ந்த குவியலில் பெரும்பகுதி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. கவலைப்பட வேண்டாமென்று தாவீது ஐதாபிலிருந்து எழுதிய அந்தக் கடிதம் இப்போது அங்கே இருக்கிறது.