டான் குயிக்ஸாட்டைப் படைத்த செர்வாண்டிஸ்: போர்வீரரின் கனவு கடன் கணக்கில் முடிந்தது எப்படி?

எலும்பும் தோலுமான குதிரை மேல் ஐம்பது வயது மனிதர் ஒருவர், கையில் ஈட்டியோடு. எதிரே சுழலும் காற்றாலைகளை அரக்கர்கள் என்று நினைத்துப் பாய்கிறார். நாவலைத் திறந்தே பார்க்காதவர்களுக்கும் இந்தக் காட்சி தெரிந்திருக்கும். அவர்தான் டான் குயிக்ஸாட். ஸ்பெயின்காரர்கள் உச்சரிப்பில் 'தோன் கிஹோத்தே'.

அவரைப் படைத்த மிகேல் தே செர்வாண்டிஸைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி இலக்கியக் குறிப்புகளிலிருந்து வந்ததில்லை. ஞானஸ்நானப் பதிவு, மீட்புத் தொகைக் கணக்கு, வரி பாக்கி, விசாரணை வாக்குமூலம் என எல்லாமே ஆபீஸ் காகிதங்கள். அவற்றை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் புரியும். மாயையில் வாழும் மனிதனைப் பார்த்துச் சிரித்த இந்த எழுத்தாளர், வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர் அல்ல.

லெபாந்தோவில் என்ன நடந்தது?

1547-ல் மாட்ரிட் அருகே அல்காலா தே எனாரெஸ் ஊரில் பிறந்தார். அப்பா ரோட்ரிகோ, எலும்பு கட்டுவது, ரத்தம் எடுப்பது போன்ற வேலை செய்த வைத்தியர். கடனைக் கட்ட முடியாமல் ஜெயிலுக்கும் போனவர். குடும்பம் ஊர் ஊராக மாறியது. மிகேல் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் வாங்கவில்லை.

1569-ல் மாட்ரிட்டில் ஒரு கைது உத்தரவு பிறக்கிறது. சண்டையில் ஒருவரைக் காயப்படுத்திய மிகேல் தே செர்வாண்டிஸின் வலது கையை வெட்ட வேண்டும், பத்து ஆண்டு நாடு கடத்த வேண்டும் என்கிறது அது. அதே பெயருள்ள வேறு ஒருவரா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் நம்ம ஆள் ரோமில் இருந்தார்.

பிறகு படையில் சேர்ந்தார். 1571 அக்டோபர் 7 அன்று, கிரேக்கக் கரையோரம் லெபாந்தோவில் ஸ்பெயின், வெனிஸ், போப் ஆகியோரின் கூட்டுக் கடற்படை ஒட்டோமான் கடற்படையோடு மோதியது. அன்று செர்வாண்டிஸுக்குக் கடும் காய்ச்சல். கீழே படுத்திரு என்றார்கள் கூட இருந்தவர்கள். அவர் கேட்கவில்லை, ஆபத்தான இடத்திலேயே தன்னை நிறுத்தச் சொன்னார். நெஞ்சில் இரண்டு குண்டு, இடது கையில் ஒன்று. அந்தக் கை பிறகு எதற்கும் உதவவில்லை. ஆனால் கடைசி வரை அவர் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார்.

சிபாரிசுக் கடிதமே வினையானது

1575-ல் ஊர் திரும்பக் கப்பல் ஏறினார். தம்பி ரோட்ரிகோவும் கூடவே. பையில் இரண்டு கடிதங்கள். ஒன்று மன்னரின் வேறு தாய்க்குப் பிறந்த தம்பியும் லெபாந்தோ தளபதியுமான தோன் ஹுவான் எழுதியது, இன்னொன்று செஸ்ஸா பிரபு எழுதியது. இந்த வீரனுக்கு நல்ல பதவி கொடுக்கலாம் என்று மன்னருக்கே சிபாரிசு. இதைவிட என்ன வேண்டும்?

கரை எட்டும் தூரத்தில், கட்டலோனியா அருகே, அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையர்கள் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். பையைச் சோதித்தால் அந்தக் கடிதங்கள். இவ்வளவு பெரிய ஆட்கள் சிபாரிசு செய்கிறார்கள் என்றால் இவனும் பெரிய ஆள்தான் என்று முடிவுகட்டி, 500 தங்க எஸ்குதோ விலை வைத்தார்கள். அந்தக் குடும்பத்தால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத தொகை. வாழ்க்கையை உயர்த்தியிருக்க வேண்டிய காகிதம் விலங்கை இறுக்கியது.

ஐந்து வருடம் அடிமை. நான்கு முறை தப்பிக்க முயன்றார், நான்கும் தோல்வி. மாட்டிக்கொண்டபோது கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தானே ஏற்றார். அப்படியும் ஏன் அவரைக் கொல்லவில்லை என்பது வரலாற்றாசிரியர்களுக்கு இன்றும் புதிர். ஊரில் அம்மா லியோனோர், கணவர் உயிரோடு இருக்கும்போதே தன்னை விதவை என்று சொல்லி அரசு உதவி கேட்டு அலைந்தார். 1577-ல் தம்பி விடுதலையானார். 1580 செப்டம்பர் 19 அன்று செர்வாண்டிஸைக் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கொண்டுபோகக் கப்பல் தயாராக நின்றபோது, டிரினிட்டேரியன் சபைத் துறவி ஹுவான் கில், குறைந்த பணத்தை வியாபாரிகளிடம் திரட்டி அவரை மீட்டார்.

கோதுமை வசூலும் சிறையும்

திரும்பி வந்தால் லெபாந்தோ பழங்கதையாகியிருந்தது. பதவி இல்லை. நாடகம் எழுதினார், 1585-ல் 'லா கலதேயா' என்ற நாவல் வெளியிட்டார். பிழைப்புக்கு அது போதவில்லை.

1587-ல் கிடைத்தது ஒரு அரசு வேலை. இங்கிலாந்து மீது படையெடுக்கத் தயாரான கடற்படைக்காக ஆண்டலூசியா கிராமங்களில் கோதுமையும் எண்ணெயும் வசூலிப்பது. விவசாயிகள் பார்வையில் இவர் கொள்ளையடிக்க வந்த அதிகாரி. எசிஹாவில் தேவாலயத்துக்குச் சொந்தமான தானியத்தில் கை வைத்ததும் திருச்சபை அவரை விலக்கி வைத்தது. அடுத்த ஆண்டு அந்தக் கடற்படையே சிதறிப்போனது.

1590-ல் 'இந்தியாஸ்' பகுதியில் காலியாக இருந்த நான்கு பதவிகளைக் குறிப்பிட்டு, ஏதாவது ஒன்று தரும்படி மனுப் போட்டார். அந்தக் காலத்து ஸ்பெயினில் அந்தச் சொல் அமெரிக்காவைக் குறித்தது. இங்கேயே ஏதாவது தேடிக்கொள்ளட்டும் என்று மனுவின் ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டார்கள். கிடைத்திருந்தால் கொலம்பியாவில் ஒரு கணக்கராகவே அவர் காலம் முடிந்திருக்கலாம்.

பிறகு கிரனாடா பகுதியில் வரி வசூல், மொத்தம் சுமார் 25 லட்சம் மரவேதி. வசூலான பணத்தைப் போட்டு வைத்திருந்த செவில் வங்கியாளர் திவாலானார். செர்வாண்டிஸ் பெயரில் காட்டப்பட்ட பாக்கி சுமார் 80 ஆயிரம்தான். நீதிபதியோ முழு 25 லட்சத்துக்கும் ஜாமீன் கேட்டார். முடியாததால் 1597-ல் செவில் சிறை. நாவல் ஒரு சிறையில் கருக்கொண்டதாக அதன் முன்னுரை சொல்கிறது. அது இந்தச் சிறைதான் என்பது பலரின் கணிப்பு.

83 தாள், 290.5 மரவேதி

1605-ல் முதல் பாகம் வந்தது. விலையை அரசுதான் நிர்ணயித்தது: 83 அச்சுத்தாள், தாளுக்கு மூன்றரை மரவேதி, ஆக 290.5. புத்தகத்திலேயே அச்சாகியிருக்கும் கணக்கு இது. உரிமையை ஏற்கெனவே புத்தக வியாபாரி பிரான்சிஸ்கோ தே ரோப்ளெஸிடம் விற்றுவிட்டிருந்தார். அதே ஆண்டு லிஸ்பனில் திருட்டுப் பதிப்புகளும் வந்துவிட்டன. பெயர் பரவியது, பணம் வரவில்லை. அந்தக் கோடையில் வீட்டு வாசலில் ஒருவர் குத்துப்பட்டு இறந்ததற்காகக் குடும்பத்தோடு சில நாள் சிறையிலும் இருந்தார்.

அன்றைய வாசகர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் ரொமான்டிக் எழுத்தாளர்கள், இது ஒரு லட்சியவாதியின் சோகம் என்றார்கள். யார் சரி? ஆண்ட்ரெஸ் என்ற சிறுவனின் கதையைப் பாருங்கள். முதலாளி அவனை மரத்தில் கட்டி வைத்து அடிக்கிறான். குயிக்ஸாட் மிரட்டி அவிழ்த்துவிட்டு, நீதியை நிலைநாட்டிய திருப்தியோடு கிளம்பிவிடுகிறார். அவர் தலை மறைந்ததும் முதலாளி அவனைத் திரும்பக் கட்டி, முன்பைவிட மோசமாக அடிக்கிறான். பின்னொரு நாள் குயிக்ஸாட்டைச் சந்திக்கும் சிறுவன், என்னைத் துண்டு துண்டாக வெட்டினாலும் தயவுசெய்து காப்பாற்ற வராதீர்கள் என்று கெஞ்சுகிறான்.

என் பார்வையில் நாவலின் மையம் காற்றாலை அல்ல, இந்தச் சிறுவன்தான். அடிப்பதைத் தடுத்தது தவறில்லை. ஆனால் லட்சியத்தின் செலவு லட்சியவாதியின் கணக்கில் மட்டும் ஏறுவதில்லை. பெருமைக் கடிதங்களோடு கப்பல் ஏறியவரும், விலங்கோடு கிடந்தவரும், மன்னர் பெயரால் ஏழைகளின் கோதுமையை அள்ளியவரும் ஒரே ஆள் என்பதால்தான் இதை இப்படி எழுத முடிந்தது.

போலி இரண்டாம் பாகம்

1614-ல் அவெல்யனேதா என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் இரண்டாம் பாகம் எழுதி வெளியிட்டார். முன்னுரையில் செர்வாண்டிஸின் முதுமையையும் ஊனமான கையையும் கிண்டல் வேறு. அடுத்த ஆண்டே செர்வாண்டிஸின் சொந்த இரண்டாம் பாகம் வந்தது. இதில் வரும் பாத்திரங்கள் பலர் முதல் பாகத்தைப் படித்தவர்கள்! முதல் பாகத்தில் சாஞ்சோவின் கழுதை களவு போய், காரணமே சொல்லாமல் திரும்பி வந்த குளறுபடியைக்கூட அவர்கள் விசாரிக்கிறார்கள். போலிப் புத்தகத்தில் தான் சரகோசா போனதாக எழுதியிருப்பதை அறிந்த குயிக்ஸாட், அதைப் பொய்யாக்கவே பார்சிலோனாவுக்குத் திரும்புகிறார்.

முடிவில் அவருக்குப் புத்தி தெளிகிறது, மாயையெல்லாம் பொய் என்று சொல்லிப் படுக்கையில் சாகிறார். பக்கத்தில் நின்று, எழுந்து வாருங்கள், இன்னொரு பயணம் போகலாம் என்று அழுபவர் நடைமுறைவாதி சாஞ்சோ.

1616 ஏப்ரல் 22 அன்று மாட்ரிட்டில் செர்வாண்டிஸ் இறந்தார். மறுநாள் அவரைப் புதைத்தது, அல்ஜியர்ஸிலிருந்து அவரை மீட்ட அதே டிரினிட்டேரியன் சபையின் கன்னிமடத்தில்.

1930-களில் ஓர் அமெரிக்கப் புத்தகச் சேகரிப்பாளருக்காக, ஆரல் ஸ்டைன் ஏற்பாட்டில், காஷ்மீர் பண்டிதர்கள் நித்யானந்த சாஸ்திரியும் ஜகத்தர் ஜாடுவும் நாவலின் எட்டு அத்தியாயங்களை ஆங்கில வழியாகச் சமஸ்கிருதத்தில் மொழிபெயர்த்தார்கள். ஹார்வர்டு நூலகத்தில் பல காலம் கிடந்த அந்தக் கையெழுத்துப் பிரதி, 2019-ல் புனேயில் புத்தகமாக வெளிவந்தது.