மகளைப் பறிகொடுத்த அன்னி பெசன்ட்

அடையாறு அன்னி பெசன்ட் அம்மையார் ஒரு காலத்தில் லண்டன் கோர்ட்டில் குற்றவாளியாக நின்றார்!

1877-ம் ஆண்டு. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் வழிகளைக் கூறும் சிறு புத்தகத்தை, பிராட்லாவுடன் சேர்ந்து அவர் வெளியிட்டார். எழுதியவர் நோல்டன் என்ற அமெரிக்க டாக்டர். விலை 6 பென்ஸ்தான். ஏழைப் பெண்ணும் வாங்கலாம். அதுவே வினையாயிற்று!

ஆபாசம் என்று வழக்கு. அம்மையார் தாமே வாதாடினார். 6 மாதச் சிறை, 200 பவுன் அபராதம் என்று தீர்ப்பு. ஆனால் புத்தகமோ லட்சத்துக்கு மேல் விற்றது.

1878-ல் அப்பீலில் தண்டனை ரத்தாயிற்று. ஆயினும் அதே ஆண்டில் பேரிடி விழுந்தது. பிரிந்து வாழ்ந்த கணவரான பாதிரியார் வழக்குத் தொடுத்தார். நாத்திகம் பேசி, இத்தகைய புத்தகமும் வெளியிட்டவளிடம் பெண் குழந்தை வளரலாகாது என்றது கோர்ட். சிறுமி மேபலைத் தந்தையிடம் ஒப்படைத்தார்கள்.

வளர்ந்து ஆளானதும் மேபல் தாயிடமே திரும்பி வந்தாள்.