யார் இந்த ஹென்ரியட்டா லாக்ஸ்? இறந்து 70 ஆண்டுகள் கடந்தும் முடியாத ‘செல்’ விவகாரம்

போலியோ தடுப்பூசி முதல் கொரோனா ஆய்வு வரை ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தியது ‘ஹீலா’ செல்கள். ஆனா, அந்தச் செல்கள் யாருடையவை என்பதே உலகத்துக்குப் பல வருஷம் தெரியாது.

ஹென்ரியட்டா லாக்ஸ், 1920-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் பிறந்த கறுப்பினப் பெண். சின்ன வயசுலயே அம்மா இறந்துவிட, தாத்தா வீட்டில் வளர்ந்து புகையிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். திருமணத்துக்குப் பிறகு பால்டிமோர் பக்கம் குடியேறினார். ஐந்து பிள்ளைகள்.

1951-ல் உடம்பு சரியில்லாமல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். கறுப்பினத்தவருக்குச் சிகிச்சை தந்த வெகு சில மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. வார்டு மட்டும் தனி. வந்திருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். சிகிச்சையின்போது கட்டியிலிருந்து கொஞ்சம் திசுவை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவரிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அப்போது அப்படிக் கேட்கணும்னு சட்டமும் கிடையாது.

அதுவரை ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்கள் சீக்கிரமே செத்துப்போகும். இவருடைய செல்களோ சுமார் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே இருந்தன. ஆய்வாளர் ஜார்ஜ் கை அவற்றைக் காசு வாங்காமல் மற்ற விஞ்ஞானிகளுக்குக் கொடுத்தார். பின்னாளில் நிறுவனங்கள் விற்க ஆரம்பித்தன. அதே 1951 அக்டோபர் 4-ம் தேதி, 31 வயதில் ஹென்ரியட்டா இறந்தார். கல்லறைக்குப் பெயர்க்கல்கூட வைக்கவில்லை.

குடும்பத்துக்கு விஷயம் தெரியவே 20 வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தச் செல்களை வைத்து வியாபாரம் நடக்க, குடும்பத்தில் சிலருக்கு மருத்துவ இன்சூரன்ஸ்கூட இல்லை.

2013-ல் ஹீலாவின் மரபணு வரிசையும் குடும்பத்தைக் கேட்காமலே வெளியானது. அது அவருடைய வாரிசுகளின் மரபணு ரகசியமும்தான். எதிர்ப்பு எழுந்ததும், அந்தத் தகவலை யாருக்குத் தருவது என முடிவெடுக்கும் குழுவில் குடும்பத்தினருக்கும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் இடம் தந்தது. 2021-ல் தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின் மீது குடும்பம் வழக்குப் போட்டது. 2023-ல் சமரசம் ஆனது, தொகை ரகசியம்.

ஹென்ரியட்டாவின் உயிரைப் பறித்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ். அதைக் கண்டுபிடிக்கவும் அவருடைய செல்களே உதவின. இன்று அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆனாலும், இந்தப் புற்றுநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளின் பெண்கள்தான்.