கணிதர் இராமாநுஜரும் மனநோய்ப் பெயரும்

சேலத்திற்குத் தெற்கே, கொங்குச் சமவெளியில் ஒற்றைப் பாறையாய் ஓங்கி நிற்பது நாமக்கல் மலை. அதன் அடியில் நரசிங்கப் பெருமாள் குடைவரையும் நாமகிரித் தாயார் சந்நிதியும் விளங்குகின்றன. அத்தாயாரை வேண்டிப் பெற்ற மகவென அன்னை கோமளத்தம்மாளாற் கருதப்பட்டவரே கணித மேதை இராமாநுஜர். அவர் வைணவ மரபினர், யாம் சைவர். ஆயினும் அவர் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. அவர் மறைந்து எண்பத்து நான்கு ஆண்டு கழிந்தபின், 2004-ல், மேனாட்டு மனமருத்துவர் ஒருவர் அவரை ஆட்டிசம் என்னும் மதியிறுக்கத்தின்பாற்படுத்தி நூல் எழுதினர். மருத்துவர் நோயாளியைக் கண்டதில்லை, நாடி பார்த்ததுமில்லை.

இராமாநுஜர் 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டிற் பிறந்தனர். தந்தையார் கும்பகோணத்துத் துணிக்கடைக் கணக்கர். மூன்றாண்டு நிரம்பியும் குழந்தை பேசவில்லை. காஞ்சியில் பாட்டனார் அவர் கைபற்றி, பரப்பிய அரிசியில் எழுத்துக்களை ஒலித்தெழுதச் செய்தனர்; சின்னாளிற் பேச்சு வந்தது. ஐந்தாண்டு பேசாதிருந்து செந்தூரில் வாய்திறந்த குமரகுருபர சுவாமிகளை ஆதீனத்து அன்பர்களுக்கு யாம் நினைவூட்ட வேண்டுவதில்லை. பேசாக் குழந்தையின் செவியைப் பார்த்தறிதல் கடமையே. அதனை யாம் மறுக்கிலேம்.

1903-ல் கார் என்பார் தொகுத்த கணித நூல் அவர் கைக்கு வந்தது. அதன்பின் பிறபாடங்களில் மனம் செல்லவில்லை. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தனர். 1905-ல் வீட்டாரிடம் சொல்லாது விசாகப்பட்டினம் சென்றனர். பின் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் எப்.ஏ. தேர்வில் தேறினாரல்லர். கனவிற் குருதித்துளி தோன்றுமென்றும் பின் கணித ஏடுகள் விரியுமென்றும் நண்பர்க்கு உரைத்ததுண்டு. பேசத் தாமதித்தவர், ஒன்றிலேயே அழுந்துபவர், சொல்லாது செல்பவர், காணாதன காண்பவர். இன்று இவை நான்கும் ஒரு பிள்ளையினிடத்துக் காணப்படின் எத்துணைச் சீட்டுக்கள் எழுதப்படும்!

அவருக்கு நேர்ந்த நன்மை யாதெனின், உதவினோர் அவர் இயல்பை ஆராயாது ஏட்டை ஆராய்ந்தமையே. திருக்கோயிலூரில் டிப்டி கலெக்டராயிருந்த இராமசாமி ஐயர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துச் சென்னைக் கணிதர்களிடம் அனுப்பினர். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் முதலில் ஐயுற்றுப் பின் தெளிந்து, திங்கள்தோறும் பொருளுதவினர். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் அவர் விடுத்த கடிதத்தைக் கேம்பிரிட்சில் ஆர்டியும் லிட்டில்வுட்டும் ஓரிரவு ஆய்ந்து, எழுதியவர் பித்தரல்லர், பெருங்கணிதர் எனத் துணிந்தனர். கடல் கடத்தற்கு நாமகிரித் தாயாரின் இசைவு கனவிற் கிடைத்ததென்பர். 1914 மார்ச்சு 17-ல் கப்பல் ஏறினர்.

கேம்பிரிட்சில் நிகழ்ந்த ஒன்றை யாம் பலமுறை எண்ணியதுண்டு. குளிரால் நடுங்குவதாக அவர் கூற, மகலனோபிசு அறைக்குச் சென்று பார்த்தனர். கம்பளிகள் மெத்தையின்கீழ் இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றுள் நுழைந்து படுத்தல் வேண்டுமென்பதறியாது, இவர் மேலே மேற்சட்டையைப் போர்த்துக் கிடந்தனர். காட்டிக் கொடுத்ததும் குறை தீர்ந்தது. அறியாமையும் ஊர்வேறுபாடும் எத்துணை எளிதிற் பிணிபோலத் தோன்றுகின்றன!

மெய்யான பிணியும் அவரை வருத்தியது. 1917 முதல் மருத்துவர் பலர் பார்த்தனர். வயிற்றுப்புண் என்றனர், பின் காசம் என்றனர். 1918-ன் தொடக்கத்தில் இலண்டனில் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்து காப்பாற்றப்பட்டனர். அந்நிலையில் மருத்துவனும் துணையும் இன்றியமையாதன. அதனை இயல்பென்று விடுதல் கொடுமை. ஆயின் 1994-ல் ஆய்ந்த அறிஞர் ஒருவர், உடலை வாட்டியது இளமையிற் கண்ட சீதபேதியின் எச்சமாகிய ஈரல்நோயாதல் கூடும் என்றும், அது அக்காலத்தே தீர்க்கத்தக்கது என்றும் காட்டினர். கண்முன் கிடந்த உடலின் நோய்க்கே பெயர் தவறியிருக்கக்கூடுமாயின், காணாத உள்ளத்திற்கு இட்ட பெயர் எங்ஙனம் நிற்கும்? அவ்வுள்ளத்திற்குக் கூறிய ஆஸ்பெர்கர் குறைபாடும் அமெரிக்க மனமருத்துவச் சங்கத்தின் ஏட்டில் 1994-ல் ஏறி, 2013-ல் தனிப்பெயர் நீக்கப்பட்டு மதியிறுக்கத்துள் அடங்கியது.

மூலமலம் ஒன்றாயினும் அதன் சத்திகள் உயிர்தோறும் வேறென்பதும், வினைக்கீடாகவே தநு கரணங்கள் அமைவன என்பதும் நம் நூற்றுணிபு. கரணங்கள் அனைத்தும் ஓரச்சில் வார்த்தனவாக இருத்தல் வேண்டுமென்பதற்கு யாண்டும் ஆதாரம் கண்டிலேம். எம் மாணவருள் ஒருவன் எவர் முகத்தையும் நோக்கான்; அந்தாதி நூறும் ஒருமுறை கேட்டு ஒப்பிப்பான். பள்ளியொன்று அவனுக்கு நோய்ப்பெயரிட்டு விலக்கியது. அவனுக்கு வேண்டியது பொறுமையுடைய ஓராசிரியன், பெயரன்று. பெயரால் உதவி வருமாயின் வருக; வாயில் அடைபடுமாயின் அதனால் யாது பயன்?

1918-ல் அரசவைக் கழக உறுப்பினராகவும் திரினிதிக் கல்லூரித் தோழராகவும் ஆகி, 1919-ல் தாயகம் மீண்டனர். 1920 ஜனவரியில் போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதுக்கண்டுபிடிப்பை ஆர்டிக்கு எழுதினர். வலியிடையே எழுதிக்கொண்டேயிருந்து, ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தனர். அவ்விறுதித் தாள்கள் திரினிதி நூலகத்திற் கேட்பாரின்றிக் கிடந்து, 1976-ல் ஆண்ட்ரூசு என்னும் அமெரிக்கக் கணிதரால் கண்டெடுக்கப்பட்டன.