தனம்மாளின் வெள்ளிக்கிழமைகள்

ஓர் இசைக் கலைஞரின் திறமையையும் அவருக்கு வாய்த்த தொழில் வாழ்வையும் சேர்த்து வரமாகப் பெறலாம் என்றால் யாருடையதைக் கேட்பது? ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பேட்டைகளில் பணிபுரியும் இளைஞர்களிடம் இந்தக் கேள்வியை எழுப்பினால், பெரும்பாலும் ஒரு கிதார் கலைஞரின் பெயர்தான் விடையாக வரும். அதில் வியப்பில்லை. நால்வர் பகிர்ந்துகொள்ளும் வாடகை அறையின் சுவரில் மாட்டி வைக்கவும், விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தோளில் சுமந்து செல்லவும் ஏற்ற கருவி கிதார். 27 வயதில் மறைந்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸையும், 1928-இல் தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் பாதிக்கப்பட்ட பிறகும் எஞ்சிய விரல்களைக் கொண்டு புதியதொரு வாசிப்பு முறையை உருவாக்கிய ஜாங்கோ ரெயின்ஹார்ட்டையும் அறிந்தவர்கள் இங்கே உண்டு.

பணி ஓய்வுக்குப் பின் இப்பகுதியில் வசிக்கும் என்னிடம் அதே கேள்வி வந்தால் நான் கிதாரைத் தாண்டி அதன் மூத்த உறவினரிடம் செல்வேன். வீணையும் மெட்டுகளின் மேல் தந்தியை அழுத்தி மீட்டும் கருவியே. அதில் 24 மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டிருக்கும்; வாசிக்க நான்கு தந்திகள், தாளத்துக்கு மூன்று. அந்தக் கருவியோடு தம் பெயரே இணைந்துவிட்ட வீணை தனம்மாளைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால், திறமையும் தொழில் வாழ்வும் ஒன்றல்ல என்பதை அவரைப் போல் எனக்கு உணர்த்திய வாழ்க்கை வேறில்லை.

தனம்மாள் 1867-இல் சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார். இசையும் நாட்டியமும் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வழியே கைமாறி வந்த குடும்பம் அது. முன்னோரான பாப்பம்மாள் தஞ்சை அரசவையோடு தொடர்புடையவர். பாட்டி காமாட்சி நாட்டியத்தில் புகழ் பெற்றவர். தாய், சியாமா சாஸ்திரிகளின் மகன் சுப்பராய சாஸ்திரிகளிடம் பாட்டுப் பயின்றவர். வீட்டில் கற்றது போக, சாத்தனூர் பஞ்சு ஐயரிடமும், பார்வையற்ற இசைக் கலைஞரான பாலதாஸ் நாயுடுவிடமும் தனம்மாள் பாடம் கேட்டார். க்ஷேத்ரக்ஞரின் பதங்கள் அவரிடம் பெருங்களஞ்சியமாகச் சேர்ந்தன. விரலில் உலோக வளையம் மாட்டாமல் வெறும் விரலால் தந்தியை மீட்டுவது அவர் வழக்கம். அதனால் ஒலி சன்னமாக எழும். சில வேளைகளில் வீணையோடு சேர்ந்து தாமும் பாடுவார்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் தம் இல்லத்தில் வாசிப்பார். பெரும்பாலும் மிருதங்கத் துணை இருக்காது. நகரின் முன்னணி வித்வான்களும் தேர்ந்த ரசிகர்களும் வந்து அமர்வார்கள். அங்கே பேச்சுக்கு இடமில்லை. சிறு ஓசையும் அந்த நுண்ணிய ஒலியை விழுங்கிவிடும் என்பதால், அமைதியாக இருப்பதே கேட்பவர் செலுத்திய கட்டணம். பிற கலைஞர்கள் தம்மை அளந்து பார்த்துக்கொள்ளும் உரைகல்லாக அந்த அறை விளங்கியது.

இத்தகைய கலைஞர் செல்வத்தோடு வாழ்ந்திருக்க வேண்டும் என்றுதான் நாம் எண்ணுவோம். உண்மை வேறு. கடனும் பண நெருக்கடியும் பிற்காலத்தில் அவரைத் தொடர்ந்தன. இதற்கு அவருடைய தாராள மனத்தைக் காரணம் காட்டுவோர் உண்டு. பொருளியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அவர் காலத்தில் இசையின் சந்தையே இடம் மாறிக்கொண்டிருந்தது.

1855-இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்ததும் ஆங்கிலேயர் அந்த அரசை முடித்துவைத்தனர். கலைக்கு ஊதியம் அளித்து வந்த பெரிய புரவலர் ஒருவர் அத்துடன் இல்லாமல் போனார். கலைஞர்கள் சென்னையின் வணிகர்களையும் செல்வந்தர்களையும் நாடினர். அடுத்த தலைமுறையில் அந்த ஆதரவும் மெலிந்து, சீட்டு வாங்கிக் கேட்கும் சபாக்கள் எழுந்தன. 1928-இல் சென்னை மியூசிக் அகாதெமி தொடங்கப்பட்டது. பெரிய அரங்கில் ஒலிபெருக்கியின்றிக் கடைசி வரிசைக்கு எட்டுவது உரத்த குரல்தான். வெறும் விரலால் மீட்டும் வீணை எட்டாது. பொருளியல் அறிஞர் ஆல்பிரட் மார்ஷல் இதைப் போன்ற ஓர் எல்லையைச் சுட்டியிருக்கிறார்: மனிதக் குரல் எத்தனை பேரை எட்டும் என்பதே பாடகரின் வருவாய்க்கு வரம்பு கட்டுகிறது. அந்த வரம்பைத் தொழில்நுட்பம் உடைத்தபோது, முன்னணியில் இருந்த சிலருக்குப் பெருஞ்செல்வம் குவிந்ததை ஷெர்வின் ரோசன் 1981-இல் விளக்கினார். தனம்மாளுக்கோ தொழில்நுட்பம் தாமதமாக வந்தது. அவருடைய வீணை இசைத்தட்டில் பதிவானபோது அவர் முதுமையை எட்டியிருந்தார். ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்களே கொள்ளும் அந்தத் தட்டில், நிதானமே உயிரான பதம் எப்படி அடங்கும்? சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் தனம்மாள் மறைந்தார்.

சமூக மாற்றமும் சேர்ந்துகொண்டது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920-களின் இறுதியில் தொடங்கிய முயற்சி 1947-இல் சட்டமானது. அந்தச் சட்டம் நியாயமானது, தேவையானது. ஆனால், அந்த மரபில் வந்த பெண்களின் கலைக்கு மாற்று வாழ்வாதாரம் என்ன என்ற கேள்விக்கு உரிய விடையைச் சமூகம் தேடவில்லை. அவர்களுடைய இசை மேடையேறியது. அவர்களில் பலருக்கு மேடை கிடைக்கவில்லை. மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு பெண்ணுக்கு முதன்முதலில் வழங்கப்பட்டது 1968-இல்தான், பெற்றவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. தனம்மாள் மறைந்து அப்போது 30 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த வரலாறு எங்கள் பகுதிக்கு அந்நியமானதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் நின்றது. ஆயிரக்கணக்கானோரின் கைகளில் இருந்த திறமை முதல் நாள் இருந்தபடியேதான் மறுநாளும் இருந்தது. அதை வாங்குவோர் இல்லாமல் போயினர். தஞ்சை அரசவை கலைந்தபோது நடந்ததும் இதுதான். திறமை நம்முடையது, தொழில் வாழ்வோ நிறுவனங்களும் தொழில்நுட்பமும் சட்டமும் சேர்ந்து அமைத்துத் தருவது. ஒருவர் தாழ்ந்தால் அவருடைய திறமையையோ சிக்கனமின்மையையோ குறைகூறுவது எளிது. அந்த எளிமையே நம்மை ஏமாற்றுகிறது.

பிறகு ஏன் தனம்மாளின் வாழ்வை விரும்ப வேண்டும்? வறுமைதான் கலையை வளர்க்கும் என்பது வசதியுள்ளவர்கள் சொல்லும் கதை. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவருடைய கடன்களை நான் வரமாகக் கேட்க மாட்டேன். நான் கேட்பது அவர் விட்டுச்சென்ற முதலீட்டை.

தனம்மாளின் மகள் காமாட்சியின் பெண்களான பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பயின்று, பாட்டியின் பதங்களைப் பாட்டாகக் காத்தனர். பின்னாளில் புகழ்பெற்ற பாடகர்கள் பலர் பதம் கற்கப் பிருந்தாவைத் தேடிச் சென்றனர். மற்றொரு மகள் ஜயம்மாளின் பெண் பாலசரசுவதி 1925-இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். பரதநாட்டியத்தை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றார். சத்யஜித் ராய் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். ஜயம்மாளின் மகன் விசுவநாதன் புல்லாங்குழல் கலைஞராகி, அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தார். பாட்டிக்கு வாய்க்காத சங்கீத கலாநிதி விருது 1973-இல் பாலசரசுவதிக்கும் 1976-இல் பிருந்தாவுக்கும் கிடைத்தது. வருமானக் கணக்கில் தோற்ற ஒரு வாழ்க்கை, மூலதன ஆக்கக் கணக்கில் இவ்வளவு ஈட்டியிருக்கிறது. அந்த ஈட்டத்தின் ஊற்று, வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காமல் வாரத்தில் ஒரு மாலையைக் கலைக்கென ஒதுக்கிவைத்த வழக்கம்.

எங்கள் தொழிற்பகுதியில் இல்லாதது அந்த மாலைதான். உற்பத்தித் திறன் ஆண்டுதோறும் உயரும் ஆலைகள் இங்கே இருக்கின்றன. ஆனால், ஒரு பதத்தை வாசிக்கத் தனம்மாளுக்கு எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நேரம்தான் இன்றைய வாசிப்பாளருக்கும் ஆகும். கலையின் செலவு ஒப்பீட்டளவில் ஏறிக்கொண்டே போகும் என்பதை 1966-இல் வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் இதைக் கொண்டே விளக்கினர். ஆகவே, கலை தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் அது சுருங்கும். யாரேனும் இடமும் நேரமும் கொடுக்க வேண்டும்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பெரிய குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. உறங்க நல்ல இடம் கிடைத்தது பெரும் முன்னேற்றம். இத்தகைய ஒவ்வொரு விடுதியிலும் ஓர் அமைதியான அறையை ஒதுக்கி, பத்து வீணைகளும் பத்து கிதார்களும் வாங்கி வைத்து, ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ப வாரம் ஒரு வகுப்பு நடத்தலாம். அரசின் இசைப்பள்ளிகளில் பயின்று வேலை தேடும் இளைஞர்களுக்கு அது ஊதியமாகவும் அமையும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

அவ்வாறு நடந்தால் இன்னொரு தனம்மாள் உருவாவார் என்று நான் உறுதி கூறவில்லை. அந்தப் பெண்களுள் எவருக்கேனும் அத்தகைய விரல்கள் இருந்தால், அவை உதிரிபாகம் பொருத்துவதற்கு மட்டுமே பழகிப் போகாமல் இருக்கட்டும். வார விடுமுறை கிடைக்கும் நாளில் ஒரு மாலை நேரம், ஒரு கருவி, கற்பிக்க ஓர் ஆசிரியர்; இவற்றிலிருந்து தொடங்கலாம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).