ஜாக்கி ராபின்சன்

ஜாக்கி ராபின்சன் (ஜனவரி 31, 1919 - அக்டோபர் 24, 1972) அமெரிக்க அடிபந்தாட்ட (பேஸ்பால்) வீரர் ஆவார். இருபதாம் நூற்றாண்டில் அந்நாட்டின் மேஜர் லீக் போட்டிகளில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் இவரே. விளையாட்டைத் தொழிலாகக் கொள்வதற்கு முன் தரைப்படையில் அதிகாரியாக இருந்தார்.

இளமை

ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ரோ என்னும் ஊரில், வாரத்துக்கு உழும் குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். தந்தை கைவிட்டுச் சென்றபின், தாய் மாலி 1920 இல் பிள்ளைகளுடன் கலிபோர்னியாவின் பாசடீனாவில் குடியேறி, வீட்டு வேலை செய்து அவர்களை வளர்த்தார். அண்ணன் மாக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். ஜாக்கி, லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்காக நான்கு விளையாட்டுகளில் ஆடினார்.

படைப்பணி

1942 இல் கட்டாயப் படைச் சேவைக்கு அழைக்கப்பட்டுக் கான்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ரைலி முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே கறுப்பினத்தவருக்கு அதிகாரிப் பயிற்சியில் இடம் கிடைப்பது தாமதமாயிற்று. அதே முகாமில் இருந்த குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் வாஷிங்டன் வரை முறையிட்ட பின்னரே வழி பிறந்தது. 1943 ஜனவரியில் ராபின்சன் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

பின்னர் டெக்சாஸின் கேம்ப் ஹூட் முகாமில், கறுப்பின வீரர்களைக் கொண்ட 761 ஆவது டாங்கிப் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டார். 1944 ஜூலை 6 அன்று பேருந்தில் பின்னிருக்கைக்குச் செல்லுமாறு ஓட்டுநர் கட்டளையிட, இவர் எழ மறுத்தார். தொடர்ந்து நடந்த விசாரணையில் மேலதிகாரிகளுக்குப் பணியவில்லை என்று வழக்குத் தொடரப்பட்டது. பட்டாளத் தலைவர் அதற்கு ஒப்பாததால், இவரை வேறொரு பட்டாளத்துக்கு மாற்றி வழக்கை நடத்தினர். ஆகஸ்டில் ஒன்பது அதிகாரிகள் கொண்ட படைத்துறை நீதிமன்றம் இவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. 761 ஆவது பட்டாளம் இவரின்றியே ஐரோப்பியப் போர்க்களம் சென்றது. நவம்பரில் இவர் படையிலிருந்து விடைபெற்றார்.

விளையாட்டு வாழ்க்கை

1945 இல் கறுப்பினத்தவருக்கான போட்டிகளில் கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணிக்கு ஆடினார். அவ்வாண்டே புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி இவரை ஒப்பந்தம் செய்தார். எவ்வளவு இழிவுபடுத்தினாலும் முதல் மூன்று ஆண்டுகள் திருப்பித் தாக்கக்கூடாது என்பது ரிக்கியின் நிபந்தனை. ராபின்சன் பொறுமைக்குப் பெயர் பெற்றவராகவே இன்று பலரால் அறியப்படுகிறார். பேருந்தில் எழ மறுத்த மனிதருக்கு அந்தப் பொறுமை எத்தகைய சுமையாக இருந்திருக்கும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது.

1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளினில் முதல் ஆட்டம் ஆடினார். சொந்த அணியினர் சிலரே இவருக்கு எதிராக மனு எழுத முயன்றனர். எதிரணிகளிலிருந்து வசவுகள் வந்தன. ஆயினும் அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர் விருது இவருக்கே கிடைத்தது. 1949 இல் 0.342 மட்டையடிச் சராசரியுடன் தேசிய லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானார். அதன்பின் களத்தில் தம் எதிர்ப்பை வெளிப்படையாகவே காட்டினார். 1955 இல் டாட்ஜர்ஸ் உலகத் தொடரை வென்றது. 1956 பருவத்துடன் ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

இறுதிக்காலம்

ஓய்வுக்குப்பின் குடியுரிமை இயக்கத்தில் ஈடுபட்டார். நீரிழிவு நோயால் பார்வை மங்கியிருந்த நிலையில், 1972 அக்டோபர் 15 அன்று உலகத் தொடர் அரங்கில் தமக்களிக்கப்பட்ட பாராட்டை ஏற்று, கறுப்பின மேலாளர் ஒருவரையும் காண விரும்புவதாகப் பேசினார். ஒன்பது நாட்களில் காலமானார். அப்பதவிக்கு 1975 இல் ஃபிராங்க் ராபின்சன் வந்தார்; இவர் உறவினர் அல்லர். ஜாக்கி அணிந்த 42 என்ற எண் 1997 இல் அனைத்து மேஜர் லீக் அணிகளிலும் வழக்கிலிருந்து விலக்கப்பட்டது.