கைத்தொழிலுக்குக் கைகொடுத்த கமலாதேவி



நம் பள்ளியில் நடைபெற்ற கைவினைக் கண்காட்சியில் எங்கள் வகுப்பினருக்குத் துணிகளை அடுக்கி வைக்கும் பணி தரப்பட்டது. அவற்றுள் ஒன்று முழங்கால் வரை நீண்ட பருத்தி அங்கி. சந்தன நிறத்துணியில் கறுப்புக் கொடிகளும் செந்நிறப் பூக்களும் நிறைந்திருந்தன. அருகில் சென்று பார்த்த எங்களுக்கு ஒரு குறை தென்பட்டது. சில பூக்களில் சிவப்பு வண்ணம் கறுப்புக் கோட்டைத் தாண்டி ஒரு நூல் அளவு வெளியே வந்திருந்தது. பிசகான துணியை யாரோ கொடுத்துவிட்டார்கள் என்று எண்ணி, அதை மடித்து மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டோம்.

எங்கள் தையல் ஆசிரியை அதை மீண்டும் விரித்து நடுவில் தொங்கவிட்டார்கள். அது மசூலிப்பட்டினத்துக் கலம்காரி என்றும், மர அச்சுக்கட்டையால் கையாலேயே ஒவ்வொரு பூவாகப் பதித்தது என்றும் விளக்கினார்கள். பூவின் ஓரத்தில் கண்ட அந்த நூலளவு விலகல், ஒரு மனிதரின் கை அங்கே இருந்ததற்குச் சாட்சி என்றார்கள். இத்தகைய தொழில்கள் அழிந்துபோகாமல் காப்பதற்கு ஓர் அம்மையார் தம் வாழ்வில் பாதியைச் செலவிட்டார் என்று கூறி, அவரைப் பற்றிப் படித்து எழுதுமாறு எங்களைப் பணித்தார்கள். அவரே கமலாதேவி சட்டோபாத்யாய.

கமலாதேவி 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் மங்களூரில் பிறந்தார். தந்தையார் அரசில் உயர்பதவி வகித்தவர். தாயார் கிரிஜாபாய் கல்வியில் நாட்டம் மிக்கவர். கமலாதேவிக்கு ஏழு வயதானபோது தந்தையார் உயில் எழுதி வைக்காமலே காலமானார். அக்கால வழக்கப்படி சொத்து முழுவதும் தந்தையின் முதல் தாரத்து மகனுக்குச் சென்றது. மனைவிக்கும் பெண்மக்களுக்கும் மாதப்படி மட்டுமே தருவதாக ஏற்பாடு. அதைப் பெற மறுத்துவிட்ட கிரிஜாபாய், தமது சீதனச் சொத்தைக் கொண்டே மகளை வளர்த்தார். வீட்டில் பிறந்து வளர்ந்தும் கணக்கில் சேராமல் போவது எத்தகைய துன்பம் என்பதைக் கமலாதேவி ஏழு வயதிலேயே அறிந்துகொண்டார்.

துன்பம் அத்துடன் நிற்கவில்லை. 1917ஆம் ஆண்டு, தமது 14ஆம் வயதில், அவருக்குத் திருமணம் செய்து வைத்தார்கள். இதைப் படித்தபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களைவிட ஒரு வயது இளையவர் அல்லவா! இரண்டே ஆண்டுகளில் கணவர் இறந்துவிட்டார். இளம் விதவைகள் வீட்டின் மூலையில் முடங்கிக் கிடக்க வேண்டும் என்று சமுதாயம் எதிர்பார்த்த காலம் அது. கமலாதேவியோ படிப்பைத் தொடர்ந்தார். சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்றபோது கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் தங்கை சுஹாசினியின் நட்பைப் பெற்றார். அவர்களுடைய சகோதரரும் கவிஞருமான ஹரீந்திரநாத்தை மணந்துகொண்டார். விதவை மறுமணம், அதுவும் வேற்று மொழி பேசும் வங்காளியுடன்! ஊரார் பழித்தனர், அவர் கலங்கவில்லை. பிற்காலத்தில் அத்தம்பதியர் பிரிந்தனர். ஆயினும் அவர் நாடகக் கலையில் கொண்ட ஈடுபாடு குறையவேயில்லை. பெண்கள் மேடை ஏறுவதை இழுக்காகக் கருதிய அந்நாளில் அவர் மேடை ஏறி நடித்தார்.

1926ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தலில் கமலாதேவி போட்டியிட்டார். நம் நாட்டில் தேர்தலில் நின்ற முதல் பெண்மணி என்று அவரைப் போற்றுகின்றனர். சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தோல்வியுற்றாலும், பெண் ஒருத்தி தேர்தலில் நிற்கலாம் என்ற வழியைத் திறந்துவிட்டார். 1927இல் தோன்றிய அகில இந்திய மாதர் மாநாட்டிலும் முன்னின்று உழைத்தார்.

1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தண்டி யாத்திரையில் பெண்களைச் சேர்க்க அண்ணல் காந்தியடிகள் முதலில் விரும்பவில்லை. கமலாதேவி அண்ணலை நேரில் கண்டு, போராட்டத்தில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று வாதிட்டார். பெண்கள் திரண்டு வந்து உப்பெடுத்தனர். பம்பாய்ப் பங்குச் சந்தைக்குள் நுழைந்து உப்புப் பொட்டலங்களை விற்ற கமலாதேவி சிறை புகுந்தார். அதன் பின்னும் பலமுறை சிறைவாசம் அனுபவித்தார்.

நாடு விடுதலை பெற்றது. அவருடன் சிறையிருந்த பலர் பெரும் பதவிகளில் அமர்ந்தனர். கமலாதேவி பதவியை நாடவில்லை. பிரிவினையால் வீடு வாசல் இழந்து வந்த அகதிகளுக்காக 1948இல் இந்தியக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். டில்லிக்கு அருகில் பரிதாபாத் என்னும் புதிய நகரம் உருவாவதற்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது. அகதிகளுக்கு உணவும் உடையும் அளித்தால் மட்டும் போதாது, அவரவர் கைத்தொழிலைச் செய்து பிழைக்க வழி காட்ட வேண்டும் என்பது அவரது கொள்கை. அக்கொள்கையே அவரை அடுத்த பெரும்பணிக்கு அழைத்துச் சென்றது.

1952ஆம் ஆண்டு அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் அமைக்கப்பட்டபோது அதன் தலைவியானார். அவர் முன் இருந்த நிலைமையை அறிய நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளுக்கு ஒரு காலத்தில் உலகமே ஏங்கியது. நம் மாவட்டத்துப் பழவேற்காட்டில் 1613ஆம் ஆண்டு கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள், இக்கரைத் துணிகளைக் கிழக்குத் தீவுகளுக்கு ஏற்றிச் சென்று வாசனைத் திரவியங்களைப் பெற்றனர். ஐரோப்பியச் செல்வர்கள் இத்துணியில் தைத்த நீண்ட அங்கிகளை வீட்டில் அணிந்து மகிழ்ந்தனர். துவைத்தாலும் சாயம் போகாத பருத்தித் துணி அவர்களுக்குப் பெரும் விந்தை! தங்கள் நாட்டு நெசவாளர்கள் நலிவுற்றதைக் கண்ட பிரெஞ்சு அரசு 1686இல் இத்துணிகளுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்தோ 1721இல் அச்சிட்ட பருத்தி ஆடையை அணிவதையே குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு நம்மவர் கைத்திறன் சிறந்திருந்தது.

பின்னர் காலம் மாறியது. இயந்திர ஆலைகள் மலிவான துணிகளைக் குவித்தன. 1868இல் ஜெர்மானிய வேதியியலர் வேரிலிருந்து கிடைத்துவந்த சிவப்புச் சாயத்தை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிக் காட்டினர். ஆதரித்து வந்த மன்னர்களும் மறைந்தனர். அச்சுக்கட்டைகள் பரணில் ஏறின. நம் ஊருக்கு வடமேற்கே, ஆந்திர எல்லைக்கு அப்பால் உள்ள காளஹஸ்தியில், மூங்கில் எழுதுகோலால் துணியில் சித்திரம் தீட்டும் கலையை அறிந்தவர் வெகுசிலரே எஞ்சியிருந்தனர்.

கமலாதேவி அலுவலகத்தில் அமர்ந்து உத்தரவிடவில்லை. கிராமம் கிராமமாகச் சென்று, தொழிலாளரின் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் வேலை செய்வதைக் கவனித்தார். அவருடைய வாரியத்தின் முயற்சியால் 1950களின் இறுதியில் காளஹஸ்தியில் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. மூத்த கலைஞர்கள் ஆசிரியராயினர். இளைஞர்கள் உதவித்தொகையுடன் கற்றனர். மசூலிப்பட்டினத்து அச்சுத் தொழிலுக்கும் புத்துயிர் கிடைத்தது.

அத்தொழிலின் நுட்பத்தை ஆசிரியை விளக்கியபோது எங்களுக்கு வேதியியல் பாடமே நினைவுக்கு வந்தது. முதலில் துணியை வெளுத்துக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துகின்றனர். கடுக்காய் சாயத்தைப் பிடித்துக்கொள்ள உதவும். பால் சாயம் பரவாமல் காக்கும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்த கரைசல், கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுக்கிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலை அச்சிடுகின்றனர். அப்போது அங்கே சிவப்பு தெரிவதில்லை. துணியைச் சாயவேருடன் கொதிக்க வைத்த பின்னரே படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவக்கிறது. கோட்டுக்கு ஒரு கட்டை, நிறத்துக்கு ஒரு கட்டை எனத் தேக்கில் செதுக்கிய தனித்தனிக் கட்டைகளை ஒரே இடத்தில் பொருத்திப் பதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கண்ணே அளவுகோல், கையே இயந்திரம். நாங்கள் பிசகு என்று ஒதுக்கிய அங்கியில் இத்தனை அறிவு இருந்தது!

கமலாதேவி உலகுக்கு உணர்த்தியதும் இதுவே. கைவினைஞர் இரக்கத்துக்கு உரியவர் அல்லர், கற்றறிந்தவர். அவருக்கு வேண்டியது அனுதாபம் அன்று. நல்ல கூலியும், பொருளை விற்க ஒரு சந்தையும், பெயருக்கு மதிப்புமே. இதற்காகவே விற்பனை நிலையங்களையும் வடிவமைப்பு மையங்களையும் வளர்த்தார். 1965 முதல் தலைசிறந்த கைவினைஞருக்குத் தேசிய விருது வழங்கப்படுவதற்கும் அவர் தூண்டுகோலாக இருந்தார். 1964இல் உலகக் கைவினைக் கழகம் தோன்றியபோது அதை உருவாக்கியவருள் ஒருவராக விளங்கினார். அதே ஆண்டு அவர் தோற்றுவித்த இந்தியக் கைவினைக் கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. 1955இல் பத்மபூஷண், 1966இல் மகசேசே விருது, 1987இல் பத்மவிபூஷண் ஆகிய சிறப்புகள் அவரைத் தேடி வந்தன. 1988ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், தமது 85ஆம் வயதில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

தந்தையின் சொத்தில் பங்கில்லாதவர், இளமையிலேயே விதவையானவர், தேர்தலில் தோற்றவர். இவற்றுள் ஒன்றே போதும், ஒருவர் மனம் கசந்துபோவதற்கு. கமலாதேவியோ தாம் ஒதுக்கப்பட்டதை எண்ணி வருந்திக்கொண்டிராமல், ஒதுக்கப்பட்ட பிறரைத் தேடிச் சென்றார்.

இன்று நம் பெற்றோர் பலர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைகளில் உழைக்கின்றனர். இயந்திரம் நமக்குச் சோறு போடுகிறது; அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் கலம்காரி என்ற பெயரில் கடைகளில் விற்கும் துணிகள் பல திரை அச்சில் வேகமாக அடிக்கப்பட்டவை. அவற்றின் விலையைச் சொல்லியே கைவினைஞரிடம் பேரம் பேசுகிறோம். மலிவாக வாங்குவது தவறன்று. போலியின் விலைக்கு உண்மையைக் கேட்பதுதான் அநியாயம்.

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரணிப் பக்கத்திலிருந்து வரும் எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் தறி ஓடுகிறது. வகுப்பில் தந்தையின் தொழிலைக் கேட்டபோதெல்லாம் அவள் தனியார் வேலை என்றே எழுதி வந்தாள். எங்களில் சிலர் முன்பு ஒருமுறை தறிச் சத்தத்தைக் கேலி செய்ததுதான் அதற்குக் காரணம் என்பது எங்களுக்கு இப்போதுதான் புரிந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். இக்கட்டுரைக்காக எல்லோரும் அவள் வீட்டுக்குச் சென்றபோது, அவளுடைய தந்தையார் பாவு ஓட்டுவதையும் அறுந்த இழையைக் கண நேரத்தில் பிணைப்பதையும் காட்டினார். நாங்களும் முயன்று பார்த்தோம், ஒருவருக்கும் வரவில்லை. இம்முறை பள்ளிப் படிவத்தில் அவள் நெசவாளர் என்று எழுதியிருக்கிறாள்.

கமலாதேவி அம்மையாருக்கு நாம் சிலை வைக்க வேண்டியதில்லை. உழைக்கும் கையைக் கண்டால் மதிப்போம். உரிய விலையைக் கொடுப்போம். நம் கைகளும் ஏதேனும் ஒரு தொழிலைக் கற்கட்டும். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.